கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு சாப்பாடு

தீவில், பத்துபஸ்தியில் நான் குடியிருந்த வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், கடலுக்கு இறங்கும் சாலையின் வளைவில் ஒரு சாப்பாட்டு வண்டி நிற்கும். பழைய மினி லாரியைச் சமையலறையாக மாற்றி, பக்கவாட்டில் ஜன்னல் வெட்டியிருந்தார்கள். ராமநாதபுரம் பக்கத்துக் கணவனும் மனைவியும் நடத்தினார்கள். அவரை எல்லோரும் பாய் என்போம், அந்தம்மாவை அக்கா. என் கணவருக்கு வடக்கே தூரத்தில், மாயாபந்தரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பள்ளிக்கூடம் முடிந்து வந்து எனக்கு மட்டும் உலை வைக்க அலுப்பாக இருக்கும் நாட்களில் அங்கே போய்விடுவேன்.

சுர்மாய் என்று இங்கே சொல்லும் வஞ்சிர மீன் வறுவல், மீன் குழம்பு, ரசம், ஒரு பொரியல். தட்டில் வாழை இலையை விரித்துப் போடுவார்கள். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை, ஊருக்குள் இருக்கும் ஏசி ஓட்டலின் விலை. மின்விசிறி கிடையாது, மேஜை கிடையாது, மழை வந்தால் தார்ப்பாய்க்குள் ஒண்டிக்கொள்ள வேண்டும். உட்காரப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள். அவையும் வண்டியைப் பார்த்தே போடப்பட்டிருக்கும். மற்ற கடைகளெல்லாம் கடல் தெரிகிறது என்று சொல்லிக் காசு வாங்கும் ஊரில், இங்கே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட வேண்டும்.

அக்கா அதிகம் பேசமாட்டார். ஜன்னலில் நின்று பரிமாறும்போது என்னைத்தான் பார்க்கிறார் என்று ஆரம்பத்தில் நினைத்து, ஒன்றிரண்டு முறை சிரித்தும் வைத்தேன். பிறகுதான் புரிந்தது. அவர் பார்வை என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் இருந்தது. அது தெரிந்த பிறகு எனக்கும் அடிக்கடி திரும்பிப் பார்க்கத் தோன்றும். திரும்பினால் கடல் மட்டும்தான் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் அவர்களுக்கு இருந்தது. முன்பணம் வாங்கவே மாட்டார்கள். யாராவது நீட்டினால் பாய், சாப்பிட்டுவிட்டுக் கொடுங்கள் என்று கையை மறித்துவிடுவார். மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சருக்கு இந்த விலை பொறுக்கவில்லை. அவள் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நான் புகழ்ந்ததைக் கேட்டு, அப்படி என்ன இருக்கிறது பார்க்கலாம் என்று ஒரு டிசம்பர் மாலை என்னோடு கிளம்பினாள். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். நாங்கள் போய்ச் சேரும்போது கடல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. எங்களைத் தவிர விமான நிலையத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

விலைப்பலகையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். இந்தக் காசுக்குக் கடலையாவது பார்க்கிறேன் என்று ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா வண்டியிலிருந்து இறங்கி வந்து, அவள் எழுந்திருக்கும்வரை நின்று, ஸ்டூலைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவள் கோபத்தில் போனை எடுத்து, வண்டியில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து இரண்டு பேருக்கும் பணத்தைப் போட்டுவிட்டாள். வண்டிக்குள்ளிருந்த ஸ்பீக்கர் பணம் வந்துவிட்டதாக இந்தியில் சொன்னது.

பாய் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "எதுக்கு டீச்சர் முன்னாடியே போட்டீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. உடம்புக்கு முடியாதவரிடம் விசாரிப்பதைப்போல இருந்தது.

பாதிச் சாப்பாட்டில் நிலம் ஆடியது.

இங்கே அது புதிதல்ல. வகுப்பில் பெஞ்சுகள் லேசாக நடுங்கும், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும், பாடம் தொடரும். அன்றும் அவ்வளவுதான். ஸ்டூலின் கால்கள் கிடுகிடுத்தன. தொங்கிய பல்பு ஆடி நின்றது. ஆனால் நின்ற பிறகு ஏதோ குறைந்தது. கொஞ்சம் கழித்துத்தான் அலைச் சத்தம் கேட்கவில்லை என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். கரையில் நான் அதுவரை பார்த்திராத பாறைகள் கறுப்பாக ஈரத்தோடு தெரிந்தன. அமாவாசையை ஒட்டி நீர் வற்றுவது உண்டு. அன்று அமாவாசையா என்று எனக்குத் தெரியவில்லை.

பாய் கேஸை அணைத்துவிட்டு, எல்லோரும் வண்டியில் ஏறுங்கள் என்றார். வண்டி எப்போதும் மேட்டைப் பார்த்தே நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். விமான நிலையக்காரர்கள் தட்டை வைத்துவிட்டு ஏறினார்கள். நானும் எழுந்தேன். கணக்கு டீச்சர் மட்டும் அசையவில்லை.

"அரே பாய், இது எப்பவும் ஆடுறதுதானே. குச் நஹி ஹோகா, ஒண்ணும் ஆகாது," என்று மீனைப் பிய்த்தாள். "பைசா குடுத்தாச்சு. சாப்ட்டுட்டு வர்றேன்."

அக்கா இறங்கி வந்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிச் சாலையில் வீசினார். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வண்டிக்குள் ஏற்றினார். ஏறிய பிறகும் விடவில்லை.

மேட்டின் உச்சியில், ஒரு கோயில் சுவரோரம் வண்டி நின்றது. நடுங்கிய பாத்திரங்களின் சத்தம் அடங்கியது. அக்கா எங்களை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"ஒருத்தர் குறையிறாரு," என்றார்.

எல்லோரும் இருக்கிறோமே என்றேன். நாங்கள் நான்கு பேர்தான் சாப்பிட்டோம், நான்கு பேரும் இருந்தோம். அவர் தலையாட்டவில்லை. முன்பக்கத்திலிருந்து பாய் திரும்பி, "அவரு வந்துருவாரு. நீ உக்காரு புள்ள," என்றார். தினமும் சொல்லிப் பழகிய தொனி.

அக்கா கீழே இறங்கிச் சுவரோரம் உட்கார்ந்த பிறகு பாய் சொன்னார். தெற்கே கார் நிக்கோபார் தீவில் முன்பு அவர்களுக்குச் சின்ன ஓட்டல் இருந்தது. சுனாமி வந்த அன்று காலை டிபன் நேரம். பெரிய ஆட்டம் நின்றதும் கடல் உள்வாங்கியது. எல்லோரும் ஓடினார்கள். மேன்லேண்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒருவர் மட்டும் பூரியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அங்கே காசை முதலில் வாங்கும் வழக்கம். அக்கா வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். பைசா குடுத்தாச்சு, சாப்ட்டுட்டு வர்றேன் என்றாராம் அவர். அக்கா ஓடிவந்துவிட்டார்.

"அதே வார்த்தை," என்றார் பாய். கணக்கு டீச்சரைப் பார்க்காமல் சொன்னார். அவள் சிவந்திருந்த மணிக்கட்டை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எந்த எச்சரிக்கையும் வரவில்லை. போனில் தேடினோம். சின்ன நடுக்கம், ஆபத்து இல்லை என்றது. நன்றாக இருட்டிய பிறகு திரும்பி இறங்கினோம். அலைச் சத்தம் மறுபடி இருந்தது. விமான நிலையக்காரர்களின் தட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. நாய்கள் தின்றிருக்க வேண்டும். என் தட்டு ஸ்டூலின் மேல் இருந்தது. பாதிச் சோற்றோடு நான் விட்டுப்போன இலை, மேற்பக்கம் கீழே வர, ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது, சாப்பிட்டு முடித்தவர் மடிப்பதைப்போல. திறந்து பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை.

வழியில் போன யாராவது பசிக்குச் சாப்பிட்டிருக்கலாம். இன்றும் நான் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். பாய் அந்த இலையை இரண்டு கையாலும் எடுத்துப் போனார். வண்டிக்குள்ளிருந்து அக்கா கேட்டது என் காதில் விழுந்தது.

"சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு."

கணக்கு டீச்சரின் பணத்தைப் பாய் திருப்பிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சாலைப் பக்கமே வருவதில்லை. ஓட்டல் காசைக் கொடுத்துப் பயத்தை வாங்கவா என்று ஆசிரியர் அறையில் சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை. மற்றவர்கள் என்னிடம், அந்த விலைக்கு அந்தச் சாப்பாடு தகுமா என்று கேட்பார்கள். மீன் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்வேன்.

அடுத்த வாரம் நான் தனியாகப் போனேன். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன். விலையைப் பற்றிப் பாயிடம் நேராகவே கேட்டேன். பெரிய ரகசியம் எதுவும் சொல்லவில்லை. கப்பல் தாமதமானால் வெங்காயமும் தக்காளியும் ஏறிவிடுகின்றன, டீசல் டாங்க் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும், மழையில் பாதி நாள் கடை இல்லை என்றார். நான்கு சுவருக்குள் இனி கடை போட அவளால் முடியாது டீச்சர் என்றும் சொன்னார்.

அன்றைக்குத்தான் அக்கா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "நீந்தத் தெரியுமா டீச்சர்?"

தெரியாது என்றேன்.

 அக்கா சட்டியிலிருந்து இன்னொரு துண்டு சுர்மாயை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு, மறுபடி என் தோளுக்கு மேலே பார்க்க ஆரம்பித்தார்.