பாரிசில் நகர்ந்த நீலப் புள்ளி

சென்ற வாரம் நேரு வீதியில் ஒரு கைப்பேசி வாங்கப் போனேன். புதுப்பெட்டியைப் பிரித்த விற்பனையாளர், "எந்த மொழி வைக்கட்டும் மேடம்? தமிழா, இங்கிலீஷா?" என்று கேட்டார். எந்தத் தலைப்பைத் தந்தாலும் எந்த அணியில் நிறுத்தினாலும் மணியடிக்கும்வரை பேசக்கூடியவள் நான். மேடையில் வாங்கிய கேடயங்களை அடுக்க வீட்டில் அலமாரி போதவில்லை என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவள் அந்த எளிய கேள்விக்கு வாயடைத்து நின்றேன். ஏனெனில், நண்பரே, என் முதல் கைப்பேசி பிரெஞ்சு பேசியது.

அது பாரிசிலிருந்து அத்தையின் பெட்டிக்குள் வந்தது. அப்பாவின் அக்காவான அவர் விடுமுறைக்கு வந்து பெட்டியைத் திறந்தால் லாவண்டர் சோப்பின் மணம் வீடெங்கும் பரவும். சாக்லேட்டைக் கடித்தாலும் சோப்புதான் முதலில் நாவில் தட்டுப்படும். அந்த மணத்துக்கு நடுவிலிருந்து, தாம் பயன்படுத்திய பழைய கைப்பேசியை எடுத்து என் கையில் வைத்தார்.

எனக்குக் கைப்பேசி தேவைப்பட்டது உண்மை. பேச்சுப்போட்டி அறிவிப்புகளெல்லாம் வாட்சப் குழுக்களுக்குள் புகுந்துவிட்ட காலம் அது; கைப்பேசி இல்லாதவளுக்குப் போட்டி முடிந்த பிறகுதான் செய்தி வரும். எந்த நிறம், எந்தக் கேமரா என்று கடை கடையாகப் பார்த்து, தேர்வு செய்யும் உரிமையைப் பற்றித் தோழி மும்தாஜிடம் முழங்கியும் இருந்தேன். கடைசியில் தேர்வு செய்யும் வேலையே எனக்கு இல்லாமற் போயிற்று.

"அதுல பேரப்புள்ளைங்க படமெல்லாம் இருக்கு பாப்பா. எதையும் மாத்தாத, அழிக்காத. அப்படியே வச்சிக்க" என்றார் அத்தை. மொழியை மாற்றினால் படங்கள் போய்விடும் என்று அவர் நம்பினார். அவர் நம்பியதால் எங்கள் வீடே நம்பியது. ஆகவே விடியற்காலையில் என்னை எழுப்பும் அலாரத்தின் பெயர் 'ரெவேய்' ஆயிற்று. எழுத்துப்பலகையில் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. அந்தக் கருவிக்குள் அத்தையின் கணக்கும் அப்படியே திறந்து கிடந்தது. அதன் பொருளை அன்று நாங்கள் யாரும் அறியவில்லை.

மும்தாஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் அத்தர் வியாபாரம். அவள் முக்காட்டில் எப்போதும் மல்லிகை அத்தர் மணக்கும். கடற்காற்றில் உப்போடு கலந்து வரும் அந்த மணம்தான் எனக்கு இன்றும் பேச்சுப்பயிற்சியின் மணம். கல்லூரி முடிந்ததும் இருவரும் வீராம்பட்டினம் மணலுக்குப் போவோம். நான் அலைக்கு எதிரே நின்று பேசுவேன். அவள் என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பாள். என் சொல் எங்கே கேட்காமல் போகிறதோ, அங்கே தன் செருப்பைக் கழற்றி மணலில் வைப்பாள். அடுத்த நாள் செருப்பு இன்னும் தள்ளிப் போக வேண்டும்.

"போ, போ, இன்னும் பத்தல! மீனெல்லாம் தூங்குது பாரு உன் பேச்சைக் கேட்டு!" என்று கத்துவாள்.

நான் எங்கே இருக்கிறேன் என்பது மும்தாஜைத் தவிர உலகில் எவருக்கும் தெரியாத ஒரு மணி நேரம் அது. குரல் வளர்வதற்கு அத்தகைய தனிமை வேண்டும். எவருடைய காதுக்கும் அஞ்சாமல் தடுமாற ஓர் இடம் இல்லாதவர்கள் மேடையில் தடுமாறுகிறார்கள் என்பது என் துணிபு.

ஓர் இரவு உணவின்போது பாரிசிலிருந்து அழைப்பு. தட்டாஞ்சாவடிப் பட்டறையிலிருந்து திரும்பிக் கை கழுவிக்கொண்டிருந்த அப்பா, ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, பாப்பா சாயந்தரமானா வீராம்பட்டினத்துல நிக்கிறாளே, உனக்குத் தெரியுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அத்தையின் மகன் அவருக்கு வாங்கித் தந்த டேப்லெட்டில், பழைய கைப்பேசி ஊரில் எங்கே இருக்கிறது என்பது வரைபடத்தின் மேல் நீலப் புள்ளியாகத் தெரிந்திருக்கிறது. கடல்கடந்து, ஆறாவது மாடியிலிருந்து ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

விசாரணை நீண்டது. தீர்ப்பு சுருக்கமாக வந்தது. "அக்கா கண்ணுல நீ எப்பவும் இருக்கணும். போனு ஒரு தடவ ஆஃப் ஆச்சின்னா, மேடை கீடை எல்லாத்தையும் மறந்துடு" என்றார் அப்பா. அன்று முதல் கடற்கரைக்குப் போனாலும் கையில் ஒரு கண் இருந்தது. குரல் தானாகவே தணிந்தது. மும்தாஜின் செருப்பு, போன இடத்திலிருந்து எனக்கு அருகே திரும்பி வரத் தொடங்கியது.

அப்போதுதான் ஒரு பேச்சுப்போட்டியின் இறுதிச்சுற்று வந்தது. தவளக்குப்பத்தில் ஒரு திருமண மண்டபம். தலைப்பு: கைப்பேசி மனிதருக்குத் துணையா, தளையா? எந்த அணி என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வது வழக்கம். நான் பிரித்த சீட்டில் 'துணை' என்று இருந்தது. மும்தாஜ் எட்டிப் பார்த்து, "சீட்டுக்கே உன்ன பார்த்தா சிரிப்பு வந்திருக்கும்டி" என்றாள்.

வாசலில் ஒரு தொண்டர் கூடையுடன் நின்றார். "போட்டியாளருங்க போன ஆஃப் பண்ணிட்டு இதுல போடுங்க."

"சைலண்ட்ல போடறேன் சார்."

"ஆஃப் பண்ணாதான் உள்ள விடுவோம். ரூல்ஸும்மா."

அணைத்தால் இதுவே என் கடைசி மேடை. அணைக்காவிட்டால் இந்த மேடையே இல்லை. அப்பாவுக்குச் சொல்லலாமென்று அழைத்தேன். பட்டறை இரைச்சலில் அவர் எடுக்கவில்லை. உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். அணைத்தேன்.

கைப்பேசி எத்துணை இனிய துணை என்று அன்று நான் பேசியதைப் போல் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. அவை எழுந்து நின்று கைதட்டியது. கேடயத்தோடு வெளியே வந்தபோது, பட்டறைச் சட்டையோடு வண்டியருகே அப்பா நின்றிருந்தார். கேடயத்தை அவர் பார்க்கவே இல்லை.

"உன் அத்த அழுவுது. புள்ள காணோம்னு. முதல்ல பேசு."

நான் எதிர்வாதங்களோடு தயாராக இருந்தேன். தனிமனித உரிமை, நம்பிக்கை, கண்காணிப்பு என ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருந்தேன். கைப்பேசியை உயிர்ப்பித்து அழைத்தேன்.

"பாப்பா..." என்றார் அத்தை. மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "உன்ன வேவு பாக்கறேன்னு நினைச்சியா? முட்டி வலி, கீழ எறங்கவே முடியல. மதியானத்துல நான் உக்காந்து உன் புள்ளிய பாப்பேன். அது மிஷன் வீதியில போனா நானும் போவேன். அது கடல்கிட்ட நின்னா எனக்குக் காத்து வரும். இன்னிக்கு நீ நின்னுட்ட, எனக்கு ஊரே நின்னுபோச்சி. மோன் தியூ, என் கடவுளே, நான் எங்க போவேன் சொல்லு?"

சந்தேகத்தை வாதத்தால் உடைக்கலாம். அதிகாரத்தை எதிர்த்து முழங்கலாம். ஏக்கத்துக்கு எதிராக எந்த மேடையிலும் எனக்குப் பயிற்சி தரப்படவில்லை. "இனிமே அணைக்க மாட்டேன் அத்தை" என்றேன். அப்பா மேடையைத் திருப்பித் தந்தார். ஆனால் அன்று அடைபட்டதுபோல் அதற்கு முன் நான் அடைபட்டதில்லை. பூட்டியவர் மேல் கோபப்படக்கூட வழியில்லாத பூட்டு அது. அத்தைக்கு மாதா கோயிலைப் பார்க்க வேண்டும் போலிருந்தால், பேருந்தை விட்டுவிட்டு அந்த வழியாக நடந்தேன். மழை நாளிலும் நடந்தேன். வீராம்பட்டினம் மணலில் கத்திப் பேசுவதை எப்போது நிறுத்தினேன் என்பதே நினைவில்லை. மும்தாஜ் திருமணமாகிக் காரைக்காலுக்குப் போய்விட்டாள்.

இப்போது அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. வரைபடம் தெரிவதில்லை, புள்ளியும் தெரிவதில்லை. விடுதலை என்று நினைத்தீர்களா? மாலை நான் அலுவலகத்தை விட்டு இறங்கியதும் அழைப்பு வருகிறது. "எங்க இருக்க பாப்பா? சொல்லிக்கிட்டே நட." நான் சொல்லிக்கொண்டே நடக்கிறேன். என் பேச்சாற்றலுக்கு மிஞ்சிய ஒரே அவை அது.

அவர் கேட்பவற்றில் பாதி இப்போது ஊரில் இல்லை. படம் பார்த்த கொட்டகை இல்லை. அவர் துணி தைக்கக் கொடுத்த கடை இல்லை. கடற்கரையில் அவர் உட்கார்ந்த மணலின் மேல் கற்கள் கிடக்கின்றன. முதல்முறை ஒன்று இல்லையென்று உண்மையைச் சொன்னபோது, "சரி பாப்பா, நீ வீட்டுக்குப் போ" என்று அத்தை அழைப்பைத் துண்டித்துவிட்டார். அதன்பின் நான் உண்மை சொல்வதில்லை.

"மணிக்கூண்டுகிட்ட ரொட்டிக் கடை வந்துடுச்சா?"

"வந்துடுச்சி அத்தை."

"அடுப்புலேர்ந்து எடுத்துட்டாங்களா?"

"இப்பதான் எடுக்கறாங்க. ஆவி பறக்குது."

"பியேன், நல்லது. எனக்கும் சேர்த்து ஒண்ணு வாங்கிக்க. அவசரமில்ல, நான் இருக்கேன்."

ரொட்டிக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறைகள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. ஒரு ரொட்டி வாங்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் அந்த வாசலில் நிற்கிறேன்.