மாதக் கடைசியில் இரண்டு வீடு

மத்திய அரசு வேலையில் யாரும் மாத நடுவில் ஓய்வு பெறுவதில்லை. மாதத்தின் கடைசி நாள்தான் கடைசி நாள். அன்று மாலை அலுவலகத்தில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, இரண்டு பேர் ஹிந்தியில் பேசி, ஒருவர் அழுது, பிறகு எல்லோருமாகக் காரில் ஏறி ஓய்வு பெற்றவரை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். வீட்டில் விருந்து இருக்கும். என் தொழில் இந்த ஒரு நாளை நம்பி நடக்கிறது.

நான் செய்வது புத்தகம். ஒரு குடும்பம் முப்பது, முப்பத்தைந்து வருடம் டெல்லியில் வாழ்ந்ததைப் பற்றிய நாற்பது பக்கப் புத்தகம். படங்களும் நானே எடுக்கிறேன், எழுதுவதும் நானே. கடைசி நாளின் படங்கள், அரசுக் குடியிருப்பைக் காலி செய்வதற்கு முன் அந்த வீட்டின் படங்கள், இடையிடையே அவர்கள் சொன்னதைக் கேட்டு நான் எழுதிய பக்கங்கள். ஆரம்பத்தில் ஒருவர் தன் நன்றியுரையைத் தமிழில் எழுதித் தரக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கேமரா கையில் இருந்ததால் படமும் எடுத்தேன். இரண்டையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தபோது அவர் மனைவி அதைப் பூஜை அலமாரியில் வைத்தார். அங்கிருந்து பேச்சு பரவியது.

காலையில் லோதி ரோட்டுப் பக்கம் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அரை நாள் வேலை. ஹிந்தி அறிவிப்புகளைத் தமிழாக்குவேன். முன்பு முழு நாள் இருந்தேன். புத்தக வேலைக்காக அரை நாளாக்கிக் கொண்டேன். ஒரு மணிக்கு வெளியே வந்தால் மீதி நேரம் என்னுடையது. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படங்களைச் சரிசெய்வேன். மூன்று வேலையையும் ஒருத்தி எப்படிச் செய்கிறாய் என்று கேட்கிறார்கள். நன்றாகவே செய்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். நான் பிறந்தபின் அம்மா சித்தாள் வேலையை விட்டு, சரோஜினி நகர் குடியிருப்புகளில் சமையலுக்குப் போனாள். அங்கே யாரோ சொன்னார்கள் என்று என்னைத் தமிழ் சொல்லித் தரும் பள்ளியில் சேர்த்தாள். அந்த வீடுகளின் பிள்ளைகள் தமிழில் பேசுவார்கள், படிக்க வராது. அவர்களுடைய அப்பா அம்மாவின் கதையை, அந்த வீடுகளில் சமைத்தவளின் மகள் தமிழில் எழுதித் தருகிறாள். இந்தப் பெருமையை எனக்கு ஒளித்துவைக்கத் தெரியவில்லை.

படம் எடுக்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடும் வட்டமான வெள்ளித் திரையை அவள்தான் பிடிப்பாள். அதற்கு அவள் வைத்த பெயர் தோசைக்கல். "தோசக்கல்ல எந்தப் பக்கம் சாய்க்கணும்?" என்று நாலு பேர் முன்னால் சத்தமாகக் கேட்பாள். எந்தக் குடியிருப்பில் சமையலறை ஜன்னல் எந்தத் திசை, எத்தனை மணிக்கு வெயில் வரும் என்பது அவளுக்குத் தெரியும். இருபது வருடம் அந்த ஜன்னல்களுக்குப் பக்கத்தில் நின்றவள்.

போன வருடம் ஒரு மாதக் கடைசியில் இரண்டு வீடுகள் அமைந்துவிட்டன. முதலில் லோதி ரோட்டில் ஒரு வீட்டுக்கு ஒப்புக்கொண்டேன். பத்து நாள் கழித்து, சரோஜினி நகரில் இன்னும் இடிபடாமல் நின்ற ஒரு வரிசையில், ஒரு திருநெல்வேலிக்காரர் வீட்டிலும் அதே நாளுக்குக் கேட்டார்கள். இரண்டு வீட்டிலும் ஆறு மணிக்கு விருந்து. ஒன்றை மறுத்திருக்கலாம். ஆனால் டெல்லியில் தமிழ்க் குடும்பங்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பதில்லை. "அந்தப் பொண்ணால முடியலையாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் கோவில் வாசலில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் என்று சுற்றிவரும். ஒரு வீட்டைச் சொதப்பினாலும் அதே கதிதான். அதன்பின் முழு நாள் வேலையைத் திரும்பக் கேட்டு அலுவலகத்தில் நிற்க வேண்டும். அப்படி நிற்க எனக்கு மனமில்லை.

"நான் போறேன்" என்றாள் அம்மா.

"எங்கே?"

"சரோஜினி நகருக்கு. நீ அங்க போ, நான் இங்க போறேன். அமுக்குனா படம் வுழுவுது. அதுக்கு என்னாடி பெரிய படிப்பு?"

பழைய கேமராவைக் கொடுத்து ஒரு வாரம் பழக்கினேன். முகத்தில் பச்சைக் கட்டம் வந்ததும் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். காய்கறி வண்டிக்காரரை, எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தும் பெண்ணை, அப்பாவின் முதுகை எடுத்துப் பழகினாள். "பய்யா, அசையாதீங்க, ஏக் மினிட்" என்று தமிழும் ஹிந்தியுமாக வண்டிக்காரரை அவள் அதட்டியதைக் கேட்டபோது எனக்குத் தைரியம் வந்தது.

திருநெல்வேலிக்காரரின் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அலுவலகத்துல எடுக்கதெல்லாம் உன் இஷ்டம்மா. வீட்டுல சாப்பிடும்போது எடுத்துரு. ஒவ்வொருத்தரையும் எடுத்துரு." அவர் சொதிச் சாப்பாடு போடுவதாக இருந்தார். தேங்காய்ப் பாலில் காய்கறி வேகவைத்து, இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது. அவர்கள் ஊரில் அது கல்யாணத்துக்கு மறுநாள் சமாச்சாரம். இருபது ஹிந்திக்காரர்களுக்கு வாழையிலையில் சொதி. அம்மாவிடம் நான் மூன்று முறை சொல்லி அனுப்பினேன்: விருந்து முக்கியம்.

லோதி ரோட்டு வேலை குறையில்லாமல் முடிந்தது. மறுநாள் காலை அம்மாவின் படங்களைக் கணினியில் போட்டேன்.

கார் வந்து நிற்கிறது. இரண்டு தலைகள் வெட்டுப்பட்டிருந்தாலும் ஓய்வு பெற்றவர் முகம் தெளிவு. வாசலில் இருபது ஜோடி செருப்பு. குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடியில் தொங்கும் மாலைகள். நான் எடுத்திருந்தாலும் இதைவிட நன்றாக எடுத்திருக்க மாட்டேன். இலை விரிக்கிறார்கள். தண்ணீர் தெளிக்கிறார்கள். அகப்பையிலிருந்து சொதி இறங்குகிறது. அடுத்த படத்தில் எல்லோரும் கை கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நடுவில் எதுவும் இல்லை. சாப்பிடுகிற படம் ஒன்றுகூட இல்லை.

"அம்மா, சாப்பாடு எங்கே?"

"போட்டிருக்கேனே. எல போட்டது, கொழம்பு ஊத்துனது எல்லாம் இருக்குதே."

"சாப்பிடுற படம் எங்கேன்னு கேட்கிறேன்."

அவள் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தாள். "திங்கிறவங்க மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டச் சொல்றியா? சாப்புடுறவங்க வாயப் பாக்கக் கூடாதுடி. கண்ணு பட்டுடும். இருவது வருசமா ஒரு வூட்லயும் நின்னு பாத்ததில்ல. வெச்சிட்டு உள்ள போயிடுவேன்."

"விருந்து முக்கியம்னு மூணு தடவை சொன்னேனே!"

"முக்கியம்னுதானே நிம்மதியா சாப்புட வுட்டேன்."

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. தவறு என்னுடையது என்பதும் தெரிந்தது. பச்சைக் கட்டத்தைச் சொல்லிக் கொடுத்தேன். இதைச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊர்க் கல்யாணத்தில் வீடியோக்காரர் பந்திப்பக்கம் வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறவள் அவள். இதை மறந்து நான்தான் அவளை அனுப்பினேன்.

மறைத்துப் பயனில்லை. அன்று மாலையே சரோஜினி நகருக்குப் போனேன். அந்த அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் சொன்னதைக் கேட்டார்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்லை, ஆன்ட்டி."

"முப்பத்திரண்டு வருசம் அவிய கைல டப்பா குடுத்து விட்டிருக்கேன். ஆபீஸ்ல எல்லாரும் பிடுங்கித் தின்னுருதாவ, பாபிஜி, மதினி கைமணம்னு சொல்லுதாவன்னு அவிய வந்து சொல்லுவாவ. ஒரு நாளாவது தின்னுத மூஞ்சிய நான் பாத்திருக்கனா? நேத்து வீட்டுக்கே வந்தாவ. அப்பமும் நான் அடுப்படியிலல்லா கிடந்தேன், அப்பளம் பொரிச்சிட்டு. அதுக்குத்தான் உன்ட்ட கேட்டேன்."

பணம் வேண்டாம், புத்தகத்தைச் செய்து தருகிறேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் கேட்டது பணத்தால் சரியாகிற விஷயமாக இல்லை. "ஒரு வாரம் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"பாவம். அந்தம்மா முன்னமே கேட்டிருந்தா அடுப்படிக்குப் போயி சொல்லியிருப்பேனே."

"என்னத்தை?"

"யாரு என்னா சாப்புட்டாங்கன்னு."

"நீதான் பார்க்கவே இல்லையே."

"வாயத்தான் பாக்கல. எலயப் பாப்பேன். கேமராவ வெச்சிட்டு நானும்தான் பரிமாறுனேன். எலயப் பாக்காம எப்படிடி சமயக்காரி மறுசோறு போடுறது?"

நான் நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். அவள் இருபது இலையையும் வரிசையாகச் சொன்னாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தாடிக்காரர் முதலில் சொதியைச் சோற்றில் ஊற்றவில்லை, பாயசம் என்று நினைத்துத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கினார், கிண்ணம் காலியானது. பிறகுதான் பக்கத்து இலையைப் போல அவர் இலையிலும் சோறு பிசைந்து கிடந்தது. கண்ணாடி போட்ட அம்மாள் முருங்கைக்காயை எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் ஓரமாக ஒதுக்கி வைத்தார். கடைசியில் ஒன்றை எடுத்துக் கடித்தார். அப்புறம் மீதி நாலையும் சாப்பிட்டார், சக்கைகள் வரிசையாகக் கிடந்தன. வயதான ப்யூன் ஒருவரின் இலையில் ஒரு பருக்கை இல்லை. பெரிய அதிகாரி ரொட்டி கேட்பார் என்று தனியாகச் செய்து வைத்திருந்தார்கள். ரொட்டி அவர் இலையில் வைத்தபடி இருந்தது, சோறு மூன்று முறை போனது.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு வியப்பு அடங்கவில்லை. நான் நான்கு வருடம் கல்லூரியில் படித்து, கூர்ந்து பார்ப்பதைத் தொழிலாக்கிக்கொண்டவள். என்னால் நேற்று லோதி ரோட்டில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தேன். எழுதத் தெரியாத அவள், எதையும் எங்கும் குறித்துவைக்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் பஸ்ஸிலும், மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் டீ நேரத்திலும் அதை எழுதினேன். அழகுபடுத்தவில்லை. இலை இலையாக, அவள் சொன்ன வரிசையில் எழுதினேன். படமே இல்லாத ஆறு பக்கங்கள். ஒரு படப் புத்தகத்தின் நடுவில் அப்படி ஆறு பக்கம் வைக்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தாடிக்காரரு குடிச்சிட்டுச் சிரிச்சாருன்னு எழுதியிருக்கியே, அத நான் சொன்னேனா? நான் எலயத்தான் பாத்தேன்" என்று அந்த வரியை அடிக்க வைத்தாள். அடித்தேன்.

மாதிரிப் பிரதியை எடுத்துக்கொண்டு இருவருமாகப் போனோம். அம்மா வரமாட்டேன் என்றாள், நான் விடவில்லை. ஓய்வு பெற்றவர் பெட்டிகளில் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைத் திருப்பினார். கார், செருப்புகள், மாலைகள். பிறகு எழுத்துப் பக்கங்கள் வந்தன. வேகம் குறைந்தது. விரல் வரிமேல் நகர்ந்தது. முருங்கைக்காய்க்கு வந்தபோது "ஏங்க!" என்று கணவரைக் கூப்பிட்டார். "அந்தக் கண்ணாடிக்காரி அஞ்சு முருங்கக்காய் தின்னுருக்கா! நீங்க சொல்லவே இல்லையே?"

"நான் என்னத்தக் கண்டேன்? எனக்குக் கழுத்துல மாலை உறுத்திட்டு இருந்துச்சு" என்றார் அவர்.

அந்த அம்மா மறுபடி படித்தார். ப்யூனின் இலைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நாற்காலியை என் அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்களா அக்கா பாத்தது?"

"ஆமாங்க."

"அந்தப் பெரிய ஆபீசர்... இஞ்சித் துவையல் தொட்டாரா? அதுதான் எனக்குச் சந்தேகம். காரம் கூடிப்போச்சோன்னு."

"மொதல்ல வெரல் நுனியால தொட்டாருங்க. அப்புறம் கேட்டு வாங்கினாரு. நான்தான் வெச்சேன். எல மடிக்கும்போது தொவயல் இருந்த எடம் வழிச்சிருந்துச்சு."

"வழிச்சிருந்துச்சா?"

"தொடச்ச மாதிரி."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "இது இதுல இல்லையேம்மா? இதையும் எழுதிரு. வேற யார் யார் துவையல் கேட்டான்னும் கேட்டு எழுதிரு. புத்தகம் ஒரு வாரம் பிந்தினா பரவாயில்ல."

முடிந்துவிட்டது என்று நான் நினைத்த புத்தகத்தை அவர் மூடி என்னிடம் நீட்டினார். அம்மா அதற்குள் துவையல் கணக்கில் மூன்றாவது இலைக்குப் போயிருந்தாள். நான் நோட்டைத் தேடி எடுத்து, அவளுடைய வேகத்துக்கு எழுதத் தொடங்கினேன்.