‘டேக்’ படுத்திய பாடு

நேசமலருக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்லோடுதான் தீராத பகை. அந்தச் சொல் ‘டேக்’. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, நாற்பது வயது தாண்டும்வரை அதை யோசிக்காமல் வாயில் போட்டு மென்றவள்தான். ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு பொல்லாத சாமான் என்று விளங்கியது.

வத்தளையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம், பெட்டி கட்டும் பகுதிக்கு அவள்தான் மேற்பார்வை. ஸ்பெயினிலிருந்து வரும் கடிதங்களை வாசிக்க ஆளில்லாமல் மேலிடத்து ஆட்கள் முழிப்பதைப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை, தானாகவே இறங்கினாள். போனில் பாடம் கேட்டு, நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் நின்றபடியே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். செபமாலை சொல்கிறாளாக்கும் என்று பக்கத்தில் நிற்பவர்கள் மரியாதையாக விலகி நிற்பார்களாம்.

எல்லாம் ஓடியது, ‘டேக்’கில்தான் வண்டிச் சில்லுப் புதைந்தது. காய்ச்சலுக்குக் குளிசை குடிக்கவும் டேக், சட்டையைக் கழற்றவும் டேக், படம் பிடிக்கவும் டேக், ஆளைக் கூட்டிக்கொண்டு போகவும் டேக், நேரம் பிடித்தால் அதற்கும் டேக். வெள்ளைக்காரனுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா? ஸ்பானியக்காரனிடம் போனால் தொமார், கித்தார், சகார், யெவார், தர்தார் என்று ஆளுக்கொரு பெயர். முதல் மாதம் எல்லாவற்றுக்கும் குடிப்பதற்குரிய ‘தொமார்’ போட்டு எழுதி, சட்டையைக் குடிக்கிற கணக்கில் வந்து நின்றது. அதன் பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆங்கிலத்தைப் பார்க்கவே கூடாது. கை என்ன செய்கிறது, சாமான் எங்கே போகிறது என்று முதலில் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் ஸ்பானியம். கொப்பியில் அந்த ஒரு சொல்லுக்கே பதினொரு பக்கம் போனது.

தொழிற்சாலையை மூடினார்கள். கப்பலில் வரும் ஆட்களின் தேவைகளைக் கவனிக்கும் ஒரு சின்னக் கொம்பனியில் மூன்று மாதத் தவணையில் வேலை கிடைத்தது. மேலாளர் நாகேந்திரம், வெள்ளவத்தைக்காரர். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. ஆனால் கப்பல் நேரத்துக்குப் புறப்படுவதைத் தவிர உலகத்தில் வேறு முக்கியமான விஷயம் இருப்பதாக அவருக்குத் தெரியாது.

இரண்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மீன்பிடிக் கப்பல் ஒன்றிலிருந்து வில்மர் என்ற ஆளை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எக்குவடோர் நாட்டவன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கயிறு சுற்றும் எந்திரத்தில் அகப்பட்டு, வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் நசுங்கிப்போயிருந்தன. அவனுக்கு ஸ்பானியத்தைத் தவிர வேறு பாஷை தெரியாது.

“நாலு மணிக்குக் கப்பல் வெளிக்கிடுது,” என்றார் நாகேந்திரம் காரில். “டொக்டர் சொல்லுறதைச் சொல்லி, கையெழுத்தை வாங்கி, ஆளை ஏத்திவிட வேணும். அவ்வளவுதான்.”

டொக்டர் சிங்களவர், ஆங்கிலத்தில் வேகமாகக் கதைத்தார். கட்டை அவிழ்க்க ஒரு டேக், மூச்சை இழுக்க ஒரு டேக், எக்ஸ்ரே எடுக்க இன்னொன்று. நேசமலர் ஒன்றிலும் தடுமாறவில்லை. வில்மரின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்ததைப் பார்த்து அவளுக்குள்ளும் ஒரு பெருமை எழும்பியது.

அப்போது டொக்டர் அந்த இரண்டு விரல்களையும் காட்டி, “வீ வில் ஹேவ் டு டேக் தெம்,” என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று நேசமலருக்குத் தெரியும்: விரல்கள் போகப்போகின்றன. அந்தோனியாரே, இதை எப்படி இந்தப் பிள்ளைக்குச் சொல்வேன் என்று நினைத்தாள்.

நாகேந்திரம் அவள் பக்கம் குனிந்து தமிழில் மெல்லச் சொன்னார். “எடுக்கப்போகினம் எண்டு நோகாமச் சொல்லுங்கோ. கனக்க விளக்கம் வேண்டாம். ஆள் பயந்தால் எங்களுக்குத்தான் கரைச்சல்.”

நோகாமல் சொல்லும் சொல் கைவசம் இருக்கத்தான் செய்தது, ஒன்றுக்கு மூன்றாக. அதில் ஒன்றைப் போட்டால், ஊசி மயக்கத்தில் இருக்கிறவன் கட்டுத் துணியையோ நகத்தையோ எடுக்கப்போகிறார்கள் என்று தலையாட்டிவிடுவான். படிவம் மேசையில் இருந்தது. பேனாவை அவனுடைய இடது கையில் ஏற்கெனவே கொடுத்தும் விட்டார்கள்.

“என்ன நடக்கப்போகுதெண்டு தெரியாத ஆளிட்டக் கையெழுத்து வாங்க ஏலாது சேர்,” என்றாள் நேசமலர். டொக்டரிடம் திரும்பி, எதுவரைக்கும் வெட்டுவீர்கள் என்று ஆங்கிலத்தில் நேரடியாகக் கேட்டாள். அடிவரைக்கும் என்றார் அவர்.

பதினொரு பக்கத்திலும் இல்லாத சொல்லைத்தான் அவள் எடுத்தாள். ‘கொர்த்தார்’. வெட்டுவார்கள், இரண்டையும், இங்கிருந்து என்று தன் விரலிலேயே தொட்டுக் காட்டினாள். வில்மர் பேனாவைக் கட்டிலில் போட்டுவிட்டான். இன்றைக்கே வெட்டத்தான் வேண்டுமா என்று கேட்டான். அதையும் அப்படியே டொக்டரிடம் கேட்டாள்.

டொக்டர் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். இங்கே தங்குகிறவனாக இருந்தால் மூன்று நாலு நாள் பொறுத்து, இரத்தம் எதுவரை ஓடுகிறது என்று பார்க்கலாம்; கொஞ்சமாவது மிஞ்சும். நாலு மணிக்குக் கப்பலேறுகிறவன் என்றல்லவா எனக்குச் சொன்னார்கள் என்றார்.

“அதைச் சொல்லாதையுங்கோ!” நாகேந்திரம் பதறினார். “உங்களுக்கென்ன விசரே?”

“விரல் அவரோடது சேர். அவருக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்றது?”

ஒரு சொல் விடாமல் சொன்னாள். வில்மர் படிவத்தைத் தள்ளி வைத்தான். கப்பல் அவனில்லாமலே போனது. கார் நிறுத்துமிடத்தில் நின்று நாகேந்திரம், “நாளையில இருந்து நீங்கள் வரத் தேவையில்லை,” என்றார். அவள் பஸ் ஏறினாள். இந்த வயதில் இனி யார் வேலை தருவார்கள் என்று பயந்தாள். பொறுத்துப் பார்த்தும் விரல் மிஞ்சாவிட்டால் அந்தப் பாவம் தன் தலையில்தானே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இருந்தாலும் இன்னொரு தரம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை. வாட்டில் தாதிக்கும் வில்மருக்கும் நடுவில் நின்று, குளிசை, சாப்பாடு, வலி எல்லாவற்றையும் அங்குமிங்கும் சொல்லிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை அவள் போனபோது நாகேந்திரம் அங்கே நின்றார். பக்கத்தில் ஜெனிஸ்டன் என்ற இளைஞன். ஸ்பெயினில் ஆறு வருஷம் இருந்து வந்தவனாம். அவளுடைய இடத்துக்கு எடுத்த ஆள். அவனுடைய ஸ்பானியம் தண்ணீர் மாதிரி ஓடியது, அது உண்மை. கேட்கக் கேட்க நேசமலருக்கு வெட்கமாகப் போய், வாசல் நிலையோடு ஒதுங்கி நின்றாள்.

டொக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். நடுவிரல் தப்பிவிட்டது. சுட்டுவிரலில் மேல் மூட்டுக்கு மேலே மட்டும் போக வேண்டும். ஜெனிஸ்டன் சிரித்த முகத்தோடு குனிந்து, சின்ன வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடி முடியும் என்று அழகாகத் தொடங்கினான்.

வில்மர் இடது கையை உயர்த்தி அவனை நிறுத்தினான். வாசலைப் பார்த்தான்.

“அந்தச் செனோரா சொல்லட்டும்,” என்றான் நேசமலரைக் காட்டி.

நாகேந்திரம் நிலத்தைப் பார்த்தார். நேசமலர் கட்டிலண்டை வந்து, தன் சுட்டுவிரலின் மேல் மூட்டைத் தொட்டுக் காட்டினாள்.

“வெட்டுவார்கள். இது ஒன்றை மட்டும். இங்கிருந்து.”

அவன் அவளுடைய விரலைப் பார்த்தான், தன்னுடையதைப் பார்த்தான். பிறகு படிவத்தைத் தா என்று கையை நீட்டினான்.