நெகட்டிவ் வந்த இருமல்

"மேடம், ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? என் பேத்திக்கு ஆக்ஸிஜன் வச்சிருக்காங்க!"

போனில் சுந்தரம் சார், ரிட்டயர்டு வாத்தியார். நான் அப்போது செம்பாக்கத்தில் ஒரு லேபில் சீனியர் டெக்னீஷியன். பத்து நாளுக்கு முன்னால் அவர் மூக்கில் குச்சி விட்டு சாம்பிள் எடுத்தது நான்தான்.

கொரோனா கொஞ்சம் தணிந்திருந்த நேரம். எங்களிடம் வந்த கூட்டத்தில் பாதி, விசேஷத்துக்குப் போகிறவர்கள். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் வீட்டுக்குள் விடுவார்கள். ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டில், ஒரு மாதப் பேத்தியைத் தொட்டிலில் போடுகிறார்கள் என்று சார் வந்தார்.

மூக்கு ஒழுகியது. இருமல் வரும்போதெல்லாம் மாஸ்கைக் கீழே இறக்கிவிட்டு இருமினார்.

"சார், மாஸ்கோட இருமுங்க!"

"நனைஞ்சிடுதும்மா."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் ரிப்போர்ட் நெகட்டிவ். "ஒண்ணும் இல்ல சார், ஜாலியா போய்ட்டு வாங்க" என்று இதே வாயால் சொன்னேன். என்னை என்ன சொல்வது!

கொரோனா டெஸ்ட் கொரோனாவை மட்டும்தான் பார்க்கும். சாதாரண ஜலதோஷ வைரஸ் ஊரடங்கிலும் ஊரைவிட்டுப் போகவில்லை. அடங்கிக் கிடந்த மற்ற சளி வைரஸ்களும் ஜனங்கள் வெளியே வந்ததும் கிளம்பிவிட்டன. எல்லாம் தெரிந்த நான், அவர் என் கண்ணெதிரே இருமியும் குழந்தை பக்கம் போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை.

சார் போய்ப் பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பல வைரஸ்களுக்கும் சேர்த்துப் பார்த்ததில் ஆர்.எஸ்.வி. என்று வந்ததாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அது வெறும் சளி. பச்சைக் குழந்தைக்கு நுரையீரல் வரை இறங்கி மூச்சையே திணறடித்துவிடும்.

"அப்ப ரிப்போர்ட் தப்பாம்மா?"

"ரிப்போர்ட் சரி சார். நான் சொன்னதுதான் தப்பு."

"இருமிக்கிட்டேதானேம்மா தூக்கினேன்" என்று அழுதார். நானும் அழுதேன்.

அந்தப் போன் வந்த ஆறாம் நாள், குழந்தை பால் குடித்தது என்று போன் வந்தது. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அதிலிருந்து நெகட்டிவ் ரிப்போர்ட்டை நீட்டும்போதெல்லாம் சொல்வேன்: "கொரோனா இல்ல. ஆனா இருமல் இருக்கு, அதுவும் ஒட்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போகாதீங்க."

"நெகட்டிவ்னு போட்டுட்டு ஏம்மா பயமுறுத்துற? ரொம்ப பேஜாரு பண்றியே!" என்று கவுண்டரிலேயே கத்தியவர்கள் உண்டு. மேனேஜரிடம் புகார் செய்தவர்களும் உண்டு.

புதிதாக லேபுக்கு வந்திருப்பவர்களே, கத்தினால் கத்தட்டும், நீங்கள் சொல்லிவிடுங்கள். ஒரு குழந்தையின் மூச்சுக்கு முன்னால் நம்முடைய ரோஷமெல்லாம் ஒரு பொருட்டா?