பட்டனுக்கு ஒரு வாய் சோறு

பாலில் நனைத்த பஞ்சுத் திரி கொஞ்ச நேரம் கிடந்தால் புளித்து ஒரு வாசனை வரும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வரும். பத்து வயதுப் பெண்ணின் கையில் மருதாணி வாசனை இருக்கலாம், மாங்காய் வாசனை இருக்கலாம். என் கையில் அந்த வருஷம் முழுக்க நாய்க்குட்டிக்குப் பால் ஊட்டிய வாசனைதான் இருந்தது. நாய் வளர்ப்பதைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கொட்டாவி.

திருக்கழுக்குன்றத்தில் மலைக்குப் போகும் தெருவில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்போம். அவர் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா, காலை பஸ்ஸில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். அண்ணன் சம்பந்தம் அப்போது வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன் இருமி இருமி ஒருநாள் துண்டில் ரத்தம் துப்ப, தாம்பரம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் க்ஷயரோக வார்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார்கள். ஐம்பதுகளின் தொடக்கம் அது. ஊசி மருந்து வந்துவிட்டது என்றாலும் அந்த வியாதியின் பெயரைத் தெருவில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “புள்ள எப்டி கீறான்?” என்று கேட்பதோடு சரி, பதிலுக்கு நிற்க மாட்டார்கள்.

அம்மா ஒரு வேண்டுதல் எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊர் மலையில் தினமும் உச்சிப்பொழுதுக்கு இரண்டு கழுகுகள் பாறையில் வந்து இறங்கி, பண்டாரம் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் பறந்துபோகும். காசியில் குளித்து, இங்கே சாப்பிட்டு, ராமேசுவரத்தில் போய் அடையும் ரிஷிகள் அவை என்பது ஊரார் நம்பிக்கை. மகன் நடந்து வீட்டுக்குள் வருகிற வரையில், கழுகு சாப்பிடாமல் தான் ஒரு பருக்கையும் வாயில் வைப்பதில்லை என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டாள். மலையடியில் பூ விற்கும் ராஜம்மா, மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களைப் பார்த்ததும் “கழுகு எறங்கிட்ச்சி” என்று குரல் கொடுப்பாள். அது வாய் வாயாகத் தெருவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அம்மா தட்டை எடுப்பாள். வராத நாளும் உண்டு. அன்றைக்கு, “மலை மேல எவனோ பாவி கீறான்” என்று தெரு முணுமுணுக்கும். அம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு மறுநாள் உச்சி வரைக்கும் இருப்பாள். அவள் இளைத்த இளைப்பில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

இது போதாதென்றுதான் நாய்க்குட்டி வந்தது. ரயில்வே காலனியில் ஓர் இஞ்சின் டிரைவர் குடும்பம் இருந்தது; ‘சட்டைக்காரர்கள்’ என்று அப்போது சொல்லப்பட்ட ஆங்கிலோ இந்தியர்கள். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறப்போனார்கள். டிரைவரின் மனைவி டோரா அம்மா, கையகல நாய் ஒன்று வளர்த்து வந்தாள். அது போட்ட குட்டிகளில் கடைசிக் குட்டியை யாரும் கேட்கவில்லை என்று நைனாவின் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டப்பாவில் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. அரிசி அளக்கும் படிக்குள் உட்கார்ந்தால் இரண்டு காது மட்டும் வெளியே தெரியும். என்ன ஜாதி என்று அந்தம்மா சொன்ன பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. வளர்ந்தாலும் இதைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும் என்பது மட்டும் புரிந்தது. கண் இரண்டும் சட்டைப் பொத்தான் மாதிரி இருந்ததால் ‘பட்டன்’ என்று அவளே பெயரும் வைத்து அனுப்பியிருந்தாள்.

“நோயாளி கீற வூட்ல நாய் ஒண்ணுதான் கொறைச்சலா?” என்றாள் அம்மா.

நைனா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “சம்பந்தம் வந்தா மாசக்கணக்குல படுத்துக்கினுதான் இருக்கணும். மடியில போட்டுக்கினு இருக்க எதுனா வேணாமா? நாயித்துக்கெழம அவன்கிட்ட சொன்னேன். சிரிச்சான்.”

அவன் சிரித்தான் என்ற ஒரு சொல்லில் அம்மா இறங்கிவந்தாள். அடுப்படி வாசற்படியை நாய் தாண்டக்கூடாது என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, “அவன் வர்ற வரைக்கும் இது உசுரோட இருக்கணும். நீதான் பாத்துக்கணும்” என்றாள். ‘இதற்கு ஒன்று ஆனால் அவனுக்கு...’ என்று ஒரு வாக்கியம் அவள் நெஞ்சில் இருந்தது. அதை அவள் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் அதைக் கேட்டோம்.

டோரா அம்மா நைனாவிடம் சொல்லியனுப்பிய வைத்தியமெல்லாம் என் தலையில் விழுந்தது. இந்த ஜாதிக் குட்டிக்கு வயிறு சுண்டைக்காய் அளவுதான், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். பசிக்க விட்டால் துவண்டு சுருண்டுவிடும், சுருண்டால் ஈறில் சர்க்கரை தடவ வேண்டும். உயரத்திலிருந்து குதிக்கவிட்டால் கால் ஒடியும். குளிர் ஆகவே ஆகாது. மருந்து பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, நைனாவின் பழைய வேட்டியில் சுற்றி, அதன் பக்கத்தில் படுக்க வைப்பேன். வெந்நீர் ஆறினால் குட்டி முனகும், எழுந்து மாற்றுவேன். எங்கள் வீட்டு வாசற்படிகள் அதற்கு மலை. ஒவ்வொரு படிக்கும் தூக்கிவிட நான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் சங்கு தீர்த்தக் குளத்தங்கரைக்கு ஓட, நான் வீட்டுக்கு ஓடித் திரியும் கிண்ணமுமாக உட்காருவேன். கணக்கு வகுப்பில் தூங்கி விழுந்து டீச்சரிடம் காதில் திருகு வாங்காத வாரம் இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளை வளர்ப்பதுதான்; நாய்க்கும் அதையே செய்தாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, கவிழ்த்த கூடையின் மேல் படுக்க வைத்துச் சாம்பிராணிப் புகை காட்டினாள். குட்டி தும்மிய தும்மலில் கூடையே ஆடியது. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “இது இன்னா நாயா, பெருச்சாளியா?” என்று கேட்டுவிட்டுப் போன அன்றைக்கு, அதன் நெற்றியில் மையால் திருஷ்டிப் பொட்டு ஒன்றும் வைத்தாள். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

ஆனால் பட்டன் புது வீட்டில் திரியில் சப்புகிற நாலு சொட்டுப் பாலைத் தவிர எதையும் தொடவில்லை. கேழ்வரகுக் கஞ்சி, இட்லி, பருப்புத் தண்ணீர் எல்லாம் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. அலுத்துப்போய் ஒருநாள் அதைக் கூடத்தில் அம்மாவின் மடியில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டேன். கழுகு வந்துபோயிருந்த நேரம் அது. அம்மா தயிர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசைவதையே குட்டி பார்த்தது. அம்மா ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டு, விரல் நுனியில் ஒட்டியிருந்ததை நீட்டினாள். நக்கிற்று. இன்னொரு வாய், இன்னொரு நக்கு. அன்று முதல் அதற்கு அதுவே சட்டமாகிவிட்டது. அம்மா சாப்பிட்டால் அதுவும் சாப்பிடும். திரிப் பாலைத் தவிர, அவள் வாய் அசையாமல் யார் எதைக் கொடுத்தாலும் தொடாது. கழுகு சாப்பிட்டால்தான் அம்மா, அம்மா சாப்பிட்டால்தான் பட்டன் என்று ஆயிற்று. ஊரிலேயே இப்படி ஒரு பந்தி எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும்.

ஐப்பசி அடைமழையில் இது வினையாக முடிந்தது. மாபலிபுரத்துக் கடல் பக்கமிருந்து காற்றும் மழையும் ஒன்றாக வந்தன. விடிந்தும் விடியாத மாதிரி இருந்தது. பால்காரி வரவில்லை, பள்ளிக்கூடம் இல்லை, விறகெல்லாம் ஈரம். ஊறிய அரிசி மாதிரி வெளுத்துப்போன கையோடு நான் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பால் இல்லாததால் காலையிலிருந்து அது ஒன்றும் எடுக்கவில்லை. உச்சிப்பொழுது வந்தது, போயிற்று. ராஜம்மாவின் குரல் வரவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நானே மலையடிக்கு ஓடினேன். பூக்கூடையைக் கவிழ்த்துவிட்டு மண்டபத்தில் ஒடுங்கியிருந்த ராஜம்மா, “இந்த மழையில அது எங்கடி வரும்? போய் அம்மாவாண்ட சொல்லு” என்றாள்.

நான் திரும்பி வந்தபோது பட்டன் அம்மாவின் மடியில் கிடந்தது. தூக்கினால் தலை நிற்கவில்லை, துணி மாதிரித் தொங்கியது. கால் நான்கும் ஜில்லென்றிருந்தன. சர்க்கரை இல்லாததால் வெல்லத்தைக் கரைத்து ஈறில் தடவினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தது, அவ்வளவுதான். “கழுகு வர்லியா?” என்று அம்மா கேட்டாள். வரவில்லை என்றேன். முந்தின நாள் சோற்றில் மிச்சமிருந்த தயிரைப் பிசைந்து விரலில் எடுத்து அதன் மூக்கருகே காட்டினாள். குட்டி சோற்றைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயைப் பார்த்தது.

அம்மா வெறும் வாயை மென்றாள். மென்று, விழுங்குவதுபோல் தொண்டையை அசைத்து, விரலை நீட்டினாள். பட்டன் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடியும் வெறும் வாயை மென்றாள்; மறுபடியும் அது திருப்பிக்கொண்டது. அரைப் பிராணனோடு கிடக்கிற அந்தப் பொடிசை ஏமாற்ற முடியவில்லை. “நீ தின்னும்மா, செத்துடும்மா” என்று நான் அழுதேன். அம்மா சாமி படத்தைப் பார்த்தாள். பிறகு மலை இருக்கும் திசையில் மழையைப் பார்த்தாள். சோறு தின்றால் மகனுக்காக எடுத்த வேண்டுதல் போயிற்று. தின்னாவிட்டால் மகனுக்கென்று வந்த உயிர் போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே அண்ணன்தான் படுத்திருந்தான். அப்படி ஒரு களைத்த முகத்தை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை.

“வாயில்லா ஜீவன். அதுக்கு இன்னா தெரியும் வேண்டுதலு” என்று முணுமுணுத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கவளத்தை வாயில் வைத்தாள். மென்றாள். கண்ணீர் வழிந்து சோற்றில் விழுந்தது. விரலை நீட்டினாள். பட்டன் நாக்கை நீட்டி ஒரு முறை நக்கிற்று, நிறுத்திற்று, பிறகு நக்கிக்கொண்டே இருந்தது. அது போதும் என்று தலையைச் சாய்க்கிற வரைக்கும் அம்மாவும் தின்றுகொண்டே இருந்தாள்.

இதை நைனாவிடம் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன நைனா திரும்புகிற பஸ்ஸுக்காக அம்மா கடைத்தெருவில் போய் நின்றாள். அவள் அப்படி நின்றதே கிடையாது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் பயந்துபோய், “இங்க இன்னா பண்ற?” என்றார். “புள்ள?” என்றாள். “நல்லாத்தான் கீறான். எடை ஏறியிருக்குன்னு நர்சம்மா சொன்னாங்க” என்றார். அம்மா அங்கேயே ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளிலிருந்து பழையபடி கழுகுக்காகக் காத்திருந்தாள். உடைந்த பானையை யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்த மாதிரி.

தை கழிந்து அண்ணன் நடந்தே வீட்டுக்குள் வந்தான். எலும்பும் தோலுமாகத்தான் வந்தான்; ஆனால் நடந்து வந்தான். பட்டன் அவன் மடியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, ரொம்ப நாள் பழகியதுபோல் படுத்துக்கொண்டது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இராப்பகலாக வெந்நீர் பாட்டில் மாற்றியவள் நான். படுக்க மட்டும் அவன் மடி. “அம்மாவோட வேண்டுதல் வீண் போவல” என்று தெருவே வந்து சொல்லிவிட்டுப் போனது. அம்மா எல்லோருக்கும் தலையை ஆட்டினாள்.

அண்ணனுக்குப் படியேறும் தெம்பு வந்ததும் நாங்கள் மலைக்குப் போனோம். கழுகுகள் இரண்டும் வந்தன. கூட்டமே கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்ள, அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவற்றை நிமிர்ந்து பார்க்க அவளுக்குப் பயம். இறங்கும்போது, அண்ணன் முன்னால் போகட்டும் என்று தாமதித்து என் காதருகே சொன்னாள்: “ஒரு நாள் கொறையுதுன்னு அதுங்களுக்குத் தெரியும்டி. தெரிஞ்சும் வந்து தின்னுட்டுப் போச்சுங்க.”

போன மாதம் அண்ணன் பேத்தி, கையகல நாய்க்குட்டி ஒன்றை வாங்கி, நான்கு நாள் பார்த்துக்கொள் என்று என்னிடம் விட்டுப் போனாள். அதற்கென்று டப்பாவில் தனி உணவு, தனி மெத்தை, பாலுக்குத் தனிப் புட்டி. என் விரலுக்கு வேலையே இல்லை. திருக்கழுக்குன்றத்துக்குக் கழுகு வந்து பல வருஷம் ஆகிறது. பாறை இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் ஏறிப் பார்த்துவிட்டு, எங்கே கழுகு என்று கேட்டு இறங்குகிறார்கள். ராஜம்மா இல்லை, அவள் குரலுக்காகக் காது கொடுத்திருந்த தெருவும் இல்லை, எவன் பாவி என்று முணுமுணுக்கவும் ஆளில்லை. அம்மா இல்லை, அண்ணன் இல்லை, பட்டனைப் புதைத்த கொல்லையில் இன்று யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள். எனக்கும் வயதாகி அலுத்துவிட்டது. மதியம் பசித்தால் யாருக்காகவும் காத்திராமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன். முதல் கவளத்தை மெல்லும்போது மட்டும், கீழே இருந்து யாரோ என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.