பக்கத்தில் அடங்காத கடைசி வரி

உப்பளம் பகுதியில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் தனிஸ்லாஸுக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. ஊரில் பாதிப் பேரின் கல்யாணப் பத்திரிகையும் மீதிப் பேரின் கண்ணீர் அஞ்சலியும் அவர் கையால் அடித்ததுதான். ஆனால் என்ன தொழில் என்று கேட்டால் நாவலாசிரியர் என்பார். நாவலுக்கு வயது பதினாறு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, தெருவில் 'சொல்தா' என்று பேர் வாங்கிய அவருடைய பாட்டனார் சைகோனுக்குப் போன கதை. நாற்பத்தொரு அத்தியாயம் முடிந்துவிட்டது. பாட்டனார்தான் இன்னும் கப்பல் ஏறவில்லை.

"இன்னிக்காவது ஏறிட்டாரா?" என்று சோறு போடும்போதெல்லாம் அவர் மனைவி அந்தோணிமேரி கேட்பாள்.

"கடல் கொந்தளிப்பா இருக்குது."

"போன வருசமும் அப்படித்தான் இருந்துது."

தனிஸ்லாஸுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசை. பரிசு வேண்டாம், சால்வை வேண்டாம். தான் எழுதியதைப் படித்துவிட்டு யாராவது ஒரே ஒரு ஆள் வயிறெரிய வேண்டும். அடுத்தவர் எழுத்தைப் படித்து எப்படி வயிறெரிவது என்பது அவருக்கு அத்துப்படி. அந்த மரியாதையைத் தனக்கு ஒருவரும் திருப்பிச் செய்யவில்லையே என்பதுதான் குறை.

இந்த லட்சணத்தில்தான் ஹாஜிரா வந்து சேர்ந்தாள். அவர் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஜாக்கெட் தைப்பவள். நாற்பத்தைந்து வயது, ஒன்பதாவது வரை படிப்பு. ஒருநாள் ஜாக்கெட் அளவு குறிக்கும் சீட்டு ஒன்றை நீட்டி, "இதைக் கொஞ்சம் அடிச்சுக் குடுங்கண்ணே" என்றாள். முன்பக்கம் யாருடைய கை நீளமோ தோள் அகலமோ இருந்தது. பின்பக்கம் ஆறு வரி. அது கதையாம்.

"மீதி எங்கம்மா?"

"அவ்ளோதாண்ணே. ஒரு பாபின் நூல் தீர்றதுக்குள்ள ஒண்ணு எழுதுவேன். நூல் தீர்ந்தா கதையும் தீரணும். அதுக்கு மேல போனா தையல் நின்னுடும்."

தனிஸ்லாஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு மாதம் கூட நிலைக்கவில்லை. தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் காத்திருக்கும் நேரத்தில் அவள் கதைகளை நின்றபடியே படித்தார்கள். படித்து முடித்து, அடுத்தது இருக்கா என்று கேட்டார்கள். தனிஸ்லாஸின் நாவலை வாங்கிப் போனவர்கள் அவரைக் கண்டால் தெருவின் எதிர் வாடைக்குப் போய்விடுவார்கள். ஒரே வருடத்தில் அவள் முடித்த கதைகள் எழுபது. பதினாறு வருடத்தில் அவர் முடித்தது ஒன்றுமில்லை. எழுபதையும் அடித்துக் கொடுத்தது அவருடைய கைதான் என்பது வெந்த புண்ணில் வேல்.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மூச்சு விடாமல் ஒப்பித்தவர் அவர். அதில் 'காய்மகாரம்' என்று ஒன்று வரும். பொறாமைக்கு மாதா கோயிலில் வைத்த பேர். அப்போது அந்த வார்த்தைக்குப் பொருள் தெரியாது, வாய்க்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது பொருள் தெரிந்தது, தினமும் காலை ஒன்பது மணிக்கு ஹாஜிரா கடை ஷட்டர் திறக்கும் சத்தத்தில்.

ரெட்டியார்பாளையத்தில் அருள்பிரகாஷ் என்பவர் வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை வாசகர் கூட்டம் நடக்கும். நாலைந்து பேர் எழுதியதை அவரே உரக்கப் படிப்பார். அந்த மாதம் தனிஸ்லாஸின் நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தோடு ஹாஜிராவின் கதை ஒன்றையும் கேட்டிருந்தார். தனிஸ்லாஸ் அடிக்க உட்கார்ந்தார்.

'செத்துப்போன வீட்டுக்காரர் சட்டையைக் கொண்டுவந்து மகனுக்குச் சின்னதாக்கித் தரச் சொன்னாள். பையனுக்கு அளவெடுத்தேன். நாலு அங்குலம் அதிகம். வெட்டிவிடட்டுமா என்றேன். வேண்டாம், உள்ளே மடித்துத் தையுங்கள், வளர்ந்துவிடுவான் என்றாள். அவள் கண்ணில் தெரிந்த நம்பிக்கையைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.'

தனிஸ்லாஸுக்கு நெஞ்சு காந்தியது. அதிலும் அந்தக் கடைசி வரி! கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அது இல்லாவிட்டால் என்ன மிச்சம்? முடிவு எங்கே என்று கூட்டமே சிரிக்கும். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கர்சரைக் கடைசி வரியின் முடிவில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். அழித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கூட்டத்தில் முதலில் நாற்பத்தொன்றாம் அத்தியாயம். அலைகளின் வர்ணனை நடக்கும்போதே பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போனார்கள். அவர்கள் திரும்பி வந்ததும் அருள்பிரகாஷ் ஹாஜிராவின் கதையைப் படித்தார். 'வளர்ந்துவிடுவான் என்றாள்' என்பதோடு நிறுத்தினார். தனிஸ்லாஸ் சிரிப்புக்காகக் காத்திருந்தார். முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கப்புறம் எழுந்த கைதட்டலில் மாடியே அதிர்ந்தது.

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்றது சும்மாவா? எந்த இடத்துல நிறுத்துனாங்க பாத்தீங்களா!" என்றார் அருள்பிரகாஷ். மூக்கை அறுக்கப் போய் மூக்குத்தி மாட்டிவிட்டு வந்த கதையாகிப் போனது.

மறுநாள் காலையிலேயே ஹாஜிரா கூட்டத்தில் படித்த தாளோடு வந்து நின்றாள்.

"அண்ணே, கடைசி வரி காணோமே."

தனிஸ்லாஸ் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பக்கத்துல அடங்கலம்மா."

ஹாஜிரா தாளைப் பார்த்தாள். மேலே ஐந்து வரி, கீழே முக்கால் பக்கம் வெள்ளை.

"அஞ்சு வரியோட பக்கம் நெறஞ்சிட்டுதா?"

அவருக்கு வேர்த்தது. பொறாமை என்று சொல்ல நாக்கு வரவில்லை. "காய்மகாரம்மா" என்றார், குரலே எழும்பாமல்.

"அப்டின்னா?"

"கோயில் வார்த்தை. அடுத்தவங்க நல்லா எழுதுனா நமக்கு வயிறு எரியுது பாரு, அது."

அவள் தாளை நாலாக மடித்தாள். கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தார். போனால் நிம்மதி என்றுகூட நினைத்தார்.

"கேக்காம கை வச்சது தப்புதாண்ணே. ஆனா அந்த வரி எனக்கே உறுத்திக்கினு இருந்துது. அந்தம்மா சொன்னப்புறம் நான் அழுதா என்ன, அழாட்டி என்ன? எனக்கு வெட்ட மனசு வரல. நீங்க வெட்டிட்டீங்க. வாங்க, கடைக்கு வாங்க."

தன் கடையில் பெண்கள் காத்திருக்கும் ஸ்டூலில் அவரை உட்காரவைத்து, கையில் ஒரு அளவுச்சீட்டைக் கொடுத்தாள்.

"உங்க சொல்தா பாட்டன் இதுல கப்பல் ஏறணும். பாபின்ல இப்பதான் நூல் சுத்தினேன். தீர்றதுக்குள்ள ஏத்திடுங்க."

முதல் சீட்டு கடல் வர்ணனையிலேயே நிரம்பிவிட்டது. கிழித்தார். இரண்டாவதில் பாட்டனாரின் வம்சம் மூன்றாம் தலைமுறையைத் தாண்டவில்லை. கிழித்தார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். இந்த உள்ளங்கை அகலத்தில் அலையும் வேண்டாம், மேகமும் வேண்டாம் என்றால் சொல்வதற்குத் தன்னிடம் என்னதான் இருக்கிறது? பதினாறு வருடத்தில் இந்தக் கேள்வியை அவர் தன்னிடம் கேட்டதே இல்லை. ஆயிரம் பக்கம் இருக்கும்போது யார் கேட்பார்கள்? அப்போதுதான் அப்பா எப்போதோ சொன்ன ஒரு சின்ன விஷயம் ஞாபகம் வந்தது. எந்த அத்தியாயத்திலும் அதற்கு இடம் கொடுத்திருக்கவில்லை. மளமளவென்று எழுதினார். பாபின் தீர்ந்து ஹாஜிரா மிஷினை நிறுத்தவும் சீட்டை நீட்டினார். அவள் படித்தாள்.

'பட்டாளத்தில் கொடுத்த புதுச் சப்பாத்து காலைக் கடித்தது. துறைமுகப் பாலத்தில் பாட்டன் நொண்டிக்கொண்டே நடந்தார். வலிக்கிறதா என்று கேட்டாள் பெண்சாதி. ஆமாம் என்றார். அதைச் சாக்காக வைத்து இருவரும் அழுதார்கள். பிரிவைப் போலக் கொடியது உலகில் வேறில்லை.'

ஹாஜிரா இரண்டாம் முறை படித்தாள். முகத்தில் சிரிப்பில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, துணியில் கோடு போடும் பென்சிலை எடுத்து, கடைசி வரியை ஒரே இழுப்பில் அடித்தாள்.

"ஏம்மா அடிச்ச?"

"பக்கத்துல அடங்கலண்ணே."

அவள் நிமிரவே இல்லை. புது நூலைக் கோத்தாள், ஊசிக் காதில் நுழையவில்லை, மறுபடி கோத்தாள். அந்த முகத்தைத் தனிஸ்லாஸுக்குத் தெரியும். ஒரு வருடமாகத் தன் கம்ப்யூட்டர் திரையில் மங்கலாகத் தெரிந்த அவருடைய சொந்த முகம் அது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினாறு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் அந்த வரி போனபின் கதை இன்னும் நன்றாக இருந்ததைப் பார்த்ததும் பழைய எரிச்சல் கொஞ்சம் தலைகாட்டத்தான் செய்தது.

"அண்ணே, கொஞ்ச முன்ன ஒரு வார்த்தை சொன்னீங்களே, கோயில் வார்த்தை. என்னது அது?"

"காய்மகாரம்."

"ம்" என்று சொல்லிவிட்டு ஹாஜிரா மிஷினை மிதித்தாள்.