பாலில் வந்த உறவு

கொரோனா வந்த முதல் வருஷம், ஊரடங்கு சமயத்தில் ஆம்பூரில் நடந்தது இது. நான் வக்கீல். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை தோல் பதனிடும் டேனரியிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்கிறவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஓர் இலவசச் சட்ட உதவி மையம் நடத்தி வந்தோம். அதற்குப் பொறுப்பு நான். பொறுப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஊரடங்கு வந்ததும் ஆபீசைப் பூட்டி, மையத்தை என் செல்போனுக்குள் கொண்டுவந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அந்தப் போன் ஓயவே ஓயாது. சாவுக்குப் போக பாஸ் கிடைக்கவில்லை என்பார் ஒருவர். வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள் என்பார் இன்னொருவர். புருஷன் அடிக்கிறான் என்று பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு கிசுகிசுப்பாள் ஒருத்தி. நானும் சட்டப் பிரிவுகளை ஒப்பித்துக்கொண்டே இருப்பேன். பாதி நேரம் எனக்கே என் மேல் எரிச்சலாக வரும். கோர்ட்டே பூட்டிக் கிடக்கும்போது பிரிவைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அப்படி வந்த போன்களில் ஒன்றுதான் அந்தப் பெண்ணுடையது. கல்யாணத்துக்கு முன்பு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தவள். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். ஊரடங்கில் தறி நின்றதும் வீட்டில் சண்டை முற்றி, ஒருநாள் அடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். எட்டு மாதப் பெண் குழந்தையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். இவளுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் சேர்க்கவில்லை. தெரிந்த ஊராயிற்றே என்று ஆம்பூருக்கு வந்து, பழைய கம்பெனித் தோழி பிடித்துக்கொடுத்த ஓர் அறையில் தங்கியிருந்தாள்.

"மேடம், எனக்கு வேற எதுவும் வேணாம். கொழந்தைய மட்டும் வாங்கிக் குடுங்க. பால் கட்டிக்கினு வலி தாங்கல" என்றாள்.

குடியாத்தம் என்ன, சந்திர மண்டலமா? பக்கத்து ஊர்தான். ஆனால் அதற்கு முந்தின வருஷம்தான் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். ஆம்பூர் ஒரு மாவட்டம், குடியாத்தம் இன்னொரு மாவட்டம் என்று ஆகிப்போனது. நடுவில் தடுப்பு, போலீஸ். இ-பாஸ் கேட்டால் நிராகரிக்கப்பட்டது என்று பதில் வரும். வேறு வழியில்லாமல், குழந்தையை இடைக்காலமாகத் தாயிடம் ஒப்படைக்கச் சொல்லி ஆன்லைனில் மனுப் போட்டேன். அவசர வழக்கு என்று மன்றாடி, வீடியோவில் விசாரணை வாங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. அவள் அறையை ஒட்டிய வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். டேனரியில் வேலை பார்க்கிறவர், அவர் மனைவி, கைக்குழந்தையாக ஒரு பையன். இவளுக்கும் அவர்களுக்கும் பெரிய பழக்கம் ஒன்றுமில்லை. அந்த மனைவிக்குக் காய்ச்சல் கண்டு, கொரோனா என்று சொல்லி ஆம்புலன்சில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்து அடைத்தார்கள். அப்பாவுக்கும் பையனுக்கும் டெஸ்ட் எடுத்ததில் இல்லை என்று வந்தது. ஆனால் பையன் புட்டிப்பாலை வாயில் வைக்கவே மாட்டேன் என்கிறான். ஒரே கத்தல். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை பாலுக்கு அழுகிறது, இந்தப் பக்கம் ஒருத்தி பால் கட்டி அழுகிறாள். ஒரு கட்டத்துக்கு மேல் பொறுக்க மாட்டாமல் அவள் போய்க் கதவைத் தட்டி, பையனை வாங்கிப் பால் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு தினமும் கொடுத்தாள்.

விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். "ஏம்மா, கொரோனா வந்த வீட்டுக் குழந்தை அது. எதிர் வக்கீல் இதை வெச்சே உன் கேஸை முடிச்சிடுவார்" என்று சத்தம் போட்டேன்.

"பசிக்கு அழுவுது மேடம். நான் இன்னா பண்றது?" என்றாள். வெளியில் யாரிடமும் மூச்சு விடாதே என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

விசாரணை அன்று அவளால் தெருவை விட்டு வெளியே வர முடியாது, என்னால் உள்ளே போக முடியாது. தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன், அந்தப் பக்கம் அவள் தரையில் உட்கார்ந்தாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். அதனால் என் போனையே தகரச் சந்து வழியாக, சானிடைசர் போட்டுத் துடைத்துத் துடைத்து, மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டோம். கோர்ட் நடந்த லட்சணம் இதுதான்.

நான் பயந்தபடியே ஆயிற்று. எதிர் வக்கீலுக்கு எப்படியோ எல்லாம் தெரிந்திருந்தது. கம்பெனி மூடியிருக்கிறது, வருமானம் இல்லை, இருப்பதோ அடைத்த தெரு, கொரோனா வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள் என்று அடுக்கினார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் மனைவி இல்லாத நேரத்தில் இந்த அம்மாவுக்கு அங்கே என்ன போக்குவரத்து என்று ஓர் இழுப்பு இழுத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாஜிஸ்திரேட் அம்மா அவளிடமே நேராகக் கேட்டார்.

"நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா குழந்தையைப் பார்த்துக்க யார் இருக்காங்க? சொந்தம்னு யாராவது?"

"யாரும் இல்லம்மா" என்றாள் அவள்.

பொய் சொல்லத் தெரியாத பெண். அவ்வளவுதான், குழந்தை கையை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவள் அருகில் குந்தினார். வேண்டாம், வேண்டாம் என்று சந்து வழியாகக் கையை ஆட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தன் செல்போனை என் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். "அம்மா, என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரிலேர்ந்து லைன்ல இருக்கா. ரெண்டு வார்த்த பேசணும்னு கேக்கறா" என்றார். பேசச் சொல்லுங்கள் என்றார் மாஜிஸ்திரேட்.

அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது. "அம்மா, என் வீட்டுக்காரர் எனக்குப் போன் பண்ணிக் கேட்டார். நான் சரின்னு சொன்னப்பறம்தான் அவங்க பால் குடுத்தாங்க. எங்க மார்க்கத்துல பால் குடுத்தவங்க தாய்தாம்மா. அவங்க பொண்ணு என் புள்ளைக்கு அக்கா. வளந்தப்பறம் இதுங்களுக்குள்ள கல்யாணம்கூடக் கூடாது. அத யாராலயும் மாத்த முடியாது. அப்புறம் எப்டிம்மா யாரும் இல்லன்னு ஆவும்? நாங்க இருக்கோம்."

இருமல் வந்து பேச்சை அறுத்தது. பிறகு, "நான் திரும்பி வரலன்னாலும் என் புள்ளைக்கு ஒரு அம்மா இருக்காங்க. அந்தத் தைரியத்துலதான் இங்க படுத்துக்கினு இருக்கேன்" என்றார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அழுதுகொண்டிருந்தேன், வெட்கமே இல்லாமல். இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை என்று எதிர் வக்கீல் ஆரம்பித்தார். "இருக்கட்டும் சார்" என்றார் மாஜிஸ்திரேட். தெருவைத் திறந்ததும் அவளுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, போலீஸ் துணையோடு குழந்தையை அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

தகரம் பிரித்த பிறகு ஒரு காலையில் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். மாஸ்க் போட்ட அம்மாவை அதற்கு அடையாளம் தெரியவில்லை. பயந்து வீறிட்டது. அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்து முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள். அழுகை நின்றது. இத்தனை வாரம் பிரிந்திருந்தும் அவளுக்குப் பால் வற்றவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் குடித்து வற்றாமல் வைத்திருந்தான். பையனின் அப்பா அவனைத் தூக்கிக் காட்டி, "டேய், அக்கா வந்துட்டா பாரு" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்த பையனின் அம்மாவும் பிழைத்து வீடு வந்து சேர்ந்தார். வழக்கு பின்னால், குழந்தை இவளிடமே இருக்கட்டும் என்று சமரசத்தில் முடிந்தது. இவள் மறுபடியும் ஷூ கம்பெனிக்குப் போகிறாள், அதே அறையில்தான் இருக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் ஒரே பள்ளிக்கூடம், ஓயாத சண்டை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எடுப்பதுபோல் ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இவளுக்குப் புடவை வருகிறது. தீபாவளிக்கு அந்த வீட்டுப் பையனுக்கு இவள் சட்டை எடுக்கிறாள்.

கோர்ட்டில் எத்தனையோ வாதங்களைக் கேட்டாயிற்று, நானும் வாய் ஓயாமல் பேசுகிறவள்தான். ஆனால் மூச்சு விடவே முடியாமல் கிடந்த ஒரு பெண், சரியாகப் பேசிக்கூடப் பழகாத இன்னொருத்திக்குத் தன் வீட்டையே அம்மா வீடாக்கிக் கொடுத்தாளே, அந்தக் குரலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பேச்சு வருவதில்லை.